தலையைத் திருப்பி அனுப்பு

கிர்க்லா
2 பிப்ரவரி 1981

அன்புள்ள செங்கா அக்காவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே உயிரோடுதான் இருக்கிறோம். நீயும், உன் வார்டு நோயாளிகளில் பாதிப் பேராவதும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சவுதாம்ப்டனில் மழை பெய்யாத நாளும் உண்டு என்று நீ எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "சும்மா அளக்குறா" என்று சொல்லிவிட்டு தபால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. எந்த இடம் என்று சொன்னால் சிரிப்பாய். துறைமுகத் தெருவில் இருக்கிறதே மது ஒழிப்புச் சங்க மண்டபம், அதுதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. சாவி வைத்திருக்கும் திருமதி கெடிஸ் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குடிக்கக் கூடாது. ஒன்பது மணிக்கு விளக்கை அணைச்சிருவேன். எச்சி துப்புறது உங்க பாட்டுல ஒரு பகுதின்னு கேள்விப்பட்டேன். இங்க தரையத் துடைக்கிறது நான், ஞாபகம் வச்சுக்க." பிறகு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு டீயும் ஸ்கோன் ரொட்டியும் விற்க உட்கார்ந்துவிட்டாள். பங்க் ராக் கச்சேரி நடக்கும் இடத்தில் வெண்ணெய் தடவிய ஸ்கோன் கிடைப்பது உலகத்திலேயே எங்கள் ஊரில் மட்டும்தான்.

ஷோனா டிரம் அடிக்கிறாள். அதுதான், வலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாளே, மேக்கி வீட்டுப் பெண். ரொட்டிக்கடை நார்மன் பேஸ் கிட்டார். நான் கத்துகிறேன். குழுவின் பெயர் 'ஈரச் சுவர்'. எந்தச் சுவர் என்று உனக்கே தெரியும், நீ படுத்திருந்த அறைதான்.

இந்த உறையைத் தூக்கிப் போடாதே. தபால்தலை மேல் விரலை ஓட்டிப் பார், வழவழவென்று இருக்கும். சோப்பைக் குழைத்துப் பூசிக் காயவைத்திருக்கிறேன். தண்ணீரில் ஊறப்போட்டால் முத்திரை மை சோப்போடு போய்விடும், ராணியின் தலை புதுசாக நிற்கும். அதை உன் பதிலோடு வைத்து அனுப்பிவிடு. நாடு முழுக்க எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் ஒலிநாடாவும் பத்திரிகையும் அனுப்புவது இப்படித்தான். அப்பாவிடம் மூச்சுவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி டகி

தலையைத் திருப்பி அனுப்பு!


சவுதாம்ப்டன்
14 பிப்ரவரி 1981

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். கால் வீக்கம் மட்டும் போகவில்லை, அது நர்சுகளோடு கூடப் பிறந்தது. உன் கடிதம் புகைபோட்ட மீன் வாசனையோடு வந்து சேர்ந்தது. வேலையிலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு எழுது என்று எத்தனை தடவை சொல்வது?

தலை இத்துடன் இருக்கிறது. நீ சொன்ன மாதிரியே குளித்து முடித்துப் பளபளவென்று வந்தது. சிரித்துவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் டகி, இருபத்தெட்டு வருஷமாகத் தபால் பை சுமக்கிற மனுஷனின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தபால்தலையைக் குளிப்பாட்டுகிறாய். அம்மா இருந்திருந்தால் உன்னையும் அதே தண்ணீரில் முக்கியிருப்பாள். அப்பாவுக்கு ஓய்வூதியம் வர இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி. அவர் பெயர் கெடும்படி எதுவும் செய்யாதே.

உன் குழு மேடை ஏறிய கதையை எழுது. அப்பாவின் தோள் எப்படி இருக்கிறது?

அக்கா செங்கா


கிர்க்லா
8 மே 1981

அன்புள்ள அக்கா,

சுகம், சுகம், சுகம். அப்பாவுக்கு மட்டும் இடது தோள் இறங்கிக்கொண்டே போகிறது. அதற்கு நான்தான் காரணமாம். "ஊருக்கே வர்ற கடுதாசில பாதி உனக்குத்தாண்டா வருது. நீ என்ன, மந்திரியா?" என்கிறார்.

உண்மையில் பாதி வருகிறது. எங்கள் பத்திரிகை 'இருமல்' நாலாவது இதழ் வெளிவந்து, வெல்ஷ் மலைக் கிராமத்திலிருந்தெல்லாம் கேட்டு எழுதுகிறார்கள். மண்டபத்தில் முதல் சனிக்கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள். போன சனிக்கிழமை இருநூறுக்கு மேல். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். நம் ஊரில் மட்டும் இப்போது பதினோரு குழு இருக்கிறது. அதில் நான்கு பேர்தான் வாசிக்கத் தெரிந்தவர்கள், அவர்களையே எல்லாக் குழுவும் மாற்றி மாற்றிக் கடன் வாங்குகிறோம்.

யாரும் சொந்தப் பெயரில் இல்லை. ஷோனாவின் பெயர் 'துரு'. நார்மன் 'சீழ்'. நேற்று அவன் அம்மா ரொட்டிக்கடையில் வரிசையாக ஆள் நிற்கும்போது, "சீழு, அந்த பன் தட்ட எடு" என்று கூப்பிட்டாளாம். வரிசை கலைந்துவிட்டது.

அப்பா ஒருநாள் பார்சல் ஒன்றைக் கொடுக்க மண்டபத்துக்கே வந்தார். தொப்பியைக் கழற்றாமல் ஒரு பாட்டு முழுக்க நின்றார். போகும்போது திருமதி கெடிஸிடம், "இதுல எது பாட்டு, எது ரிப்பேரு?" என்று கேட்டிருக்கிறார். அவள் பஞ்சை எடுக்காமலே "ஆமா, ஆமா" என்றாளாம்.

அக்கா, எனக்கு இருபத்திரண்டு வயசாகிறது. இந்த ஊரில் என்னை யாரும் எதற்கும் தேடி வந்ததில்லை. இப்போது வருகிறார்கள். இது நின்றுவிடக் கூடாது, அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

டகி

தலையைத் திருப்பி அனுப்பு!


சவுதாம்ப்டன்
3 ஜூன் 1981

அன்புத் தம்பிக்கு,

கால் வீக்கம் உட்பட நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தை வார்டில் படித்துக் காட்டினேன். குடலிறக்க ஆபரேஷன் ஆன கிழவர் ஒருவர் சீழ் கதைக்குச் சிரித்து, தையல் பிரிந்துவிடும் என்று அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தத் தடவை தலையைத் திருப்பி அனுப்ப முடியாது. உன் உறையில் இரண்டு தலை. நீ சோப்புப் பூசியதன் மேலேயே இன்னொன்று, சோப்பில்லாத புதுசு, கொஞ்சம் கோணலாக. மேலே இருப்பதன் மேல் முத்திரை நன்றாகப் பதிந்திருக்கிறது, எவ்வளவு ஊறவைத்தாலும் போகாது. நீ வாராவாரம் எழுதுவதில் இப்படி வருவது இது ஆறாவது. உறைகளை அப்படியே வைத்திருக்கிறேன், நீ வரும்போது காட்டிக் கேலி செய்ய. ஏமாற்றுவதையாவது ஒழுங்காகச் செய்யக் கூடாதா?

அப்பாவுக்குச் சூட்டு ஒத்தடம் கொடு.

அக்கா


கிர்க்லா
16 நவம்பர் 1981

அன்புள்ள அக்கா,

அக்டோபரிலிருந்து ஒழுங்காக எழுதவில்லை. இடையில் இரண்டு மூன்று துண்டுச் சீட்டுதான் அனுப்பினேன், மன்னித்துக்கொள். நலமாக இருப்பாய்.

எடின்பரோவில் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டோம். ஏப்ரலில் இசைத்தட்டு வரும். இரண்டு தலை விஷயம் ஷோனாவின் குறும்பு என்று நினைக்கிறேன், கேட்டால் இல்லை என்கிறாள். ஒலிநாடா அனுப்பும் வெளியூர்க்காரர்களும் அதையே சொல்லித் திட்டி எழுதினார்கள்.

அப்பா கொஞ்ச நாளாக வீட்டில் இருக்கிறார். வலது தோளில் வலி, அதனால் விடுப்பு. கவலைப்பட ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

டகி


சவுதாம்ப்டன்
23 நவம்பர் 1981

தம்பி டகிக்கு,

நான் நலம். நீ நலமில்லை. எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

மே மாதம் அப்பாவுக்கு வலித்தது இடது தோள். இப்போது வலது என்கிறாய். நான் நர்ஸ், இதையெல்லாம் குறித்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அடுத்தது, உன் தபால்தலை மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன், சொரசொரப்பாக இருந்தது. சோப்பு இல்லை. கீழே உன் வழக்கமான வரியும் இல்லை. அக்டோபரில் வந்த துண்டுச் சீட்டு உறைகளையும் எடுத்துப் பார்த்தேன், அவையும் சுத்தம். நீ திடீரென்று யோக்கியனாகிவிட்டாய் என்று நம்ப எனக்கு வழியில்லை.

பிறகு இரண்டு தலை உறைகளை எடுத்து மேசையில் பரப்பினேன். பதினொன்று இருக்கிறது. பதினொன்றும் செவ்வாயில் அல்லது வெள்ளியில் முத்திரை விழுந்தவை. தெருப் பெட்டிகளைத் திறந்து சாயங்காலத் தபால் பிரிப்பது அப்பாவின் முறை எந்தெந்த நாள், டகி? பதினொன்றிலும் மேல் தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வருஷா வருஷம் என் பிறந்தநாள் வாழ்த்து வருகிற உறையிலும் அப்படித்தான் சாய்ந்திருக்கும்.

வீட்டில் என்ன நடந்தது?

செங்கா


கிர்க்லா
9 பிப்ரவரி 1982

அக்கா,

உனக்குப் பதில் எழுத மூன்று மாதமாகிவிட்டது. மூன்று தடவை எழுதி அடுப்பில் போட்டேன். நீ நலமாக இரு, அதையாவது பொய்யில்லாமல் எழுத முடிகிறது.

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆரம்பத்திலிருந்தே. பெட்டியைத் திறந்தால் என் கடிதங்கள் வழவழவென்று கையில் தட்டுப்படும். மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தன் கைக்காசில் புதுத் தலை வாங்கி, தன் முறை வரும் நாளெல்லாம் எங்கள் எல்லோருடைய உறைகளிலும் மேலே ஒட்டியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்டோபர் ஆறாம் தேதி, செவ்வாய், மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். பின்னறையில் அப்பா மட்டும். ஒரு கையில் யாருடையதோ கடிதம், மறு கையில் தபால்தலை. அவரைப் பார்த்ததும் அப்பா உறைகளையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார். சட்டைப் பையில் மிச்சத் தலைகள் இருந்தன. ஊரார் கடிதங்களிலிருந்து நல்ல தலைகளை உரித்துத் திருடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் சமையலறையிலேயே இருந்தேன், தலைமயிரைச் சோப்புப் போட்டு முள்ளாக நிமிர்த்திக்கொண்டு. அதே சோப்பு. "மிஸ்டர் ரென்னி, அந்தக் கடுதாசியெல்லாம் யாரோடது? ஒரு வார்த்த சொல்லுங்க, உங்களுக்கு நல்லது" என்று தன்மையாகத்தான் கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திறக்கவில்லை.

"டகி, கெட்டில வை" என்றார் அப்பா.

வைத்தேன். தண்ணீர் கொதிக்கும்வரை அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். பிறகு சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

டிசம்பரில் வேலை போயிற்று, ஓய்வூதியமும் சேர்த்து. ஜூலை முடிவதற்குள் மேல்முறையீடு செய்யலாம். செய்யமாட்டேன் என்கிறார்.

உன்னிடம் இருக்கும் உறைகள் அவர் உரிக்கவில்லை, ஒட்டினார் என்று காட்டும். ஆனால் என்னையும் காட்டிக்கொடுக்கும், என் மூலம் இன்னும் நாற்பது பேரை. ஏப்ரலில் இசைத்தட்டு வருகிறது. கோர்ட், கேஸ் என்றால் சங்கத்துக்காரர்கள் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள், எல்லாம் முடிந்துவிடும். கொஞ்சம் பொறு அக்கா. இப்போதைக்கு அந்த உறைகளை யாரிடமும் காட்டாதே.

டகி


சவுதாம்ப்டன்
15 பிப்ரவரி 1982

டகி,

பொறுக்கிறேன். உன் கடிதங்கள், நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா இப்போது காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று மட்டும் எழுது.

செங்கா


கிர்க்லா
21 ஜூன் 1982

அன்புள்ள அக்கா,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அலுப்புதான். உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

நாலரைக்கு எழுந்திருக்கிறார். ஷூவைத் துடைத்து, கால்சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஜன்னலருகே உட்காருகிறார். புதுத் தபால்காரன் தெருவில் வரும்போது உள்ளே போய்விடுகிறார். இதை உனக்கு எழுத நாலு மாதம் ஆயிற்று.

இசைத்தட்டு வந்துவிட்டது. ஐந்நூறு. நீ படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. அதை வாசித்துக் காட்ட மண்டபம் இல்லை. யாரும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, போலீஸ் வரவில்லை, சும்மாவே முடிந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம் நூறாகி, முப்பதாகி, கடைசியில் திருமதி கெடிஸ் காதில் பஞ்சில்லாமல் உட்கார ஆரம்பித்தாள். "ஸ்கோன் மிஞ்சிப் போவுதுப்பா" என்று சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கம்பளக் கடைக்காரன் கிடங்காக எடுத்திருக்கிறான். பாதிக் குழுக்கள் பொத்தான் அமுக்கும் வாத்தியம் வாங்கிக்கொண்டு கோட் போட்டுக்கொண்டன. நார்மன் மயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு எண்ணெய்க் கிணற்று வேலைக்கு அபர்டீன் போய்விட்டான்.

எதைக் காப்பாற்றுவதற்காக அன்றைக்கு கெட்டில் வைத்தேனோ, அது இதுதான்.

மண்டபத்தைப் பூட்டுவதற்கு முன் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டேன். பதினாறு பேர் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து, நாங்கள்தான் செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம் என்றேன். அடங்கமாட்டோம், அஞ்சமாட்டோம் என்று ஒன்றரை வருஷம் மைக்கைக் கடித்தவர்கள் அத்தனை பேரும். ஒருத்தன், "உங்கப்பா யூனிஃபார்ம் போட்டவருதான, அவருக்கு எதுக்கு நாம?" என்றான். ஷோனா அவன் மடியில் டீயைக் கொட்டினாள்.

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். தாளை மடித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்துப் பார்த்தேன். துரு. சீழ். எலிமருந்து. செத்த டேவி. இரண்டாம் செத்த டேவி. ஒருத்தர்கூடச் சொந்தப் பெயரைப் போடவில்லை அக்கா. கோழைத்தனமா, பழக்கமா, எனக்கே தெரியவில்லை. கீழே பார்த்தால் நானும் 'டகி ஈரம்' என்று போட்டிருக்கிறேன். இதை எடுத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் போவது?

தாளைக் கிழித்துவிட்டேன். ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உறைகளை அவர்களுக்கு அனுப்பிவிடு. பதினொன்றையும்.

டக்ளஸ் ரென்னி


சவுதாம்ப்டன்
27 ஜூன் 1982

என் அன்புத் தம்பிக்கு,

நான் நலம், இன்றைக்கு நிஜமாகவே நலம்.

அவர்களுக்கு அனுப்பமாட்டேன். உனக்கே அனுப்பியிருக்கிறேன், பதிவுத் தபாலில். பதினொன்றும் உள்ளே இருக்கிறது. நீயே கொண்டுபோய்க் கொடு. யாராவது கெட்டிலை வைக்கச் சொன்னால் வைக்காதே.

இந்த நாலு மாதத்தில் நானே அனுப்பிவிடலாம் என்று மூன்று தடவை உறையில் விலாசம்கூட எழுதினேன். உன்மேல் அவ்வளவு கோபம். அனுப்பியிருந்தால் அப்பாவுக்கு ஓய்வூதியம் அப்போதே கிடைத்திருக்கும், மகன் போயிருப்பான். இரண்டில் எது வேண்டும் என்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் மேசையில் திரும்ப வைத்தேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொள்.

அக்கா செங்கா


கிர்க்லா
17 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சுகம். நான் சுகம். உன் கால்கள் எப்படி என்று அப்பா கேட்கச் சொன்னார்.

ரயிலில் எடின்பரோ போனேன். ஸ்டேஷனில் ஷோனா நின்றாள், பாவாடை சட்டையில், எனக்கு அடையாளமே தெரியவில்லை. "என்ன பாக்குற? என் பேரு ஷோனா மேக்கி. அத எழுதிக் குடுக்கத்தான் வந்தேன்" என்றாள்.

அதிகாரி வயசானவர். நாங்கள் சொன்னதை நம்பவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, உன் உறை ஒன்றின் மூலையை வெட்டிப் போட்டார். மேல் தலை மெதுவாகக் கழன்று மிதந்தது. கீழ்த் தலையை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தார், நுரை வந்தது. பதினொன்றையும் அப்படியே பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷமா தலைய உரிக்கிறவனப் புடிச்சிட்டிருக்கேன். ஒட்டுறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

எனக்கும் ஷோனாவுக்கும் கோர்ட்டில் அபராதம். அப்பாவின் பெயர் திரும்பக் கிடைத்தது, ஓய்வூதியமும். வேலை கிடைக்கவில்லை. திருடவில்லை என்றாலும் தபாலில் கை வைத்தது வைத்ததுதானாம். அது நியாயம்தான் என்கிறார் அப்பா.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "யாருடா உன்னப் போகச் சொன்னா? நான் சொன்னனா?" என்று கத்திவிட்டு மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் கஞ்சி குடிக்கும்போது கேட்டேன், ஏன் ஒட்டினீர்கள், ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேனே என்று.

"நிறுத்தியிருப்பியா?"

நான் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"தலை செல்லாதுன்னு மாட்டிக்கிட்டா, செங்காதான வாசல்ல நின்னு தண்டம் கட்டணும்? பொட்டில போட்டது போய்ச் சேரணும். அவ்வளவுதான்." கிண்ணத்தைக் கழுவி வைத்தார். பிறகு திரும்பாமலே, "ஒன்பது மாசமா வாரத்துக்கு ஒண்ணு எழுதின. அம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்லேர்ந்து யாரு அவளுக்கு அவ்வளவு எழுதினா?" என்றார்.

அக்கா, அவர் எங்கள் பாட்டைக் காப்பாற்றுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அதை ரிப்பேர் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

இசைத்தட்டு ஒன்று தனியாக அனுப்புகிறேன். ஒருமுறை கேட்டுவிட்டு எங்காவது வைத்துவிடு. மிச்சம் கட்டிலுக்கடியில் கிடக்கட்டும். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அப்பா உறையை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பெட்டியில் தானே போட்டுவிட்டு வருகிறாராம், ஷூ துடைத்துத் தயாராக நிற்கிறார். தபால்தலையை முன்னாலேயே ஒட்டிவிட்டார். ஒரே ஒரு தலை, இடப்பக்கம் சாய்ந்து.

இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

தம்பி டகி